குளுக்கான் என்று பெயர் வைத்த பிள்ளைக்கு

மகனே,

உன் கடிதம் வியாழக்கிழமை கடை விலாசத்துக்கு வந்தது. உங்கப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொழும்பு லொறி ஏற்றி முடியும்வரை பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, "படி, தொரை என்ன எழுதியிருக்காருன்னு பாப்போம்" என்று என்னிடம் நீட்டினார். நானும் சத்தமாகத்தான் படிக்கத் தொடங்கினேன். கண்டி மழை, விடுதிச் சோறு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உன் படங்களைச் சுவரில் மாட்டியது எல்லாம் படித்தேன். இப்போது கண்டியிலேயே இருக்கிற பெரிய டீச்சர் உன்னை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார், அவருடைய பழ விளையாட்டுப் புத்தகம் மறுபடியும் அச்சாகப் போகிறது, அதற்குப் படம் வரைய உன்னையே கேட்டார், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே இருந்த வரிகளை உங்கப்பாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. "டீச்சர் விருந்தாளிகளுக்கு முன்னால் என் தோளைப் பிடித்து, 'இவன்தான் என்ர புத்தகத்தைத் தன்ர அம்மா எழுதினது எண்டு பள்ளிக்கூடத்தில சொன்ன கெட்டிக்காரன்' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சின்ன வயதில் எனக்கு எப்படிப்பட்ட பொய் வாய் அம்மா! என்னை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன பாடு பட்டீர்களோ" என்று எழுதியிருந்தாய்.

நீ சிரித்தாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சிரித்ததைக் கூடத் தாங்கிக்கொள்வேன், பத்து வருடமாகத் தாங்கித்தான் இருக்கிறேன். ஆனால் உன்னைப் பற்றி ஒரு பொய்யை உனக்கே நம்பக் கொடுத்து, அதற்கு நீயே சிரிக்கும்படி வைத்திருக்கிறோம், அவரும் நானுமாக. நீ படம் வரைவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் நடந்தது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு நேரில் பேச வராது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் பேசுகிறவள், ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்தால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துப் படி.

உனக்கு நாலு வயது நடந்தபோது நாம் ஹட்டனில் மரக்கறிக் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இருந்தோம். நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. பதினெட்டு வயதில் கல்யாணம், இருபதில் நீ. அதற்குப் பிறகும் எனக்குப் படிக்க ஆசை போகவில்லை. வீட்டிலிருந்தபடியே பட்டப் பரீட்சைக்குப் படித்தேன். ஒரே அறை, ஒரே மேசை, நாலு வயதுப் பிள்ளை. உன்னை வெளியே விட்டால் லொறி. உள்ளே வைத்துக்கொண்டால் என் புத்தகத்தில் கை. அப்போது வீட்டில் நமக்குக் குறைவில்லாமல் இருந்தது ஒன்றுதான். கொழும்புக்கு அனுப்ப முடியாத அடிபட்ட பழங்களை உங்கப்பா கூடையில் போட்டுக் கொண்டுவருவார். அந்தக் கூடையிலிருந்துதான் விளையாட்டு பிறந்தது. குழந்தை வளர்ப்பு என்றெல்லாம் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அரை மணி நேரம் நீ சத்தம் போடாமல் இருந்தால் ஒரு பாடம் முடியும், அவ்வளவுதான்.

முதலில் வந்தது பஸ் விளையாட்டு. என் தடிப் புத்தகங்களை மூன்று படியாக அடுக்கினேன். மேல்படி நுவரெலியா, நடுப்படி ஹட்டன், கீழ்ப்படி கினிகத்தேனை. நீ கொண்டக்டர். ஒவ்வொரு பழமும் அது விளைகிற ஊரில் இறங்க வேண்டும். குளிரில் விளைகிற பேரிக்காயும் பிளம்ஸும் மேலே, வெக்கையில் விளைகிற ரம்புட்டானும் மங்குஸ்தானும் கீழே. கொய்யா எங்கே இறங்குவது என்று நமக்குள் பெரிய சண்டையே நடந்தது. "கொய்யாவுக்கு எல்லா ஊர்லயும் சொந்தக்காரங்க இருக்காங்கம்மா, அது எறங்கவே எறங்காது" என்று நீ தீர்ப்புச் சொன்னாய். பழத்துக்கு மூக்கொழுகுகிற மாதிரி ஒரு குரல் வைத்து, "அண்ணே, நான் கீழூரு ஆளு, இங்க குளிருதே, எறக்கி விடுங்களேன்" என்று நான் கெஞ்சுவேன். நீ இடுப்பில் கைவைத்து, "டிக்கட் எடுத்தியா? பேசாம குந்து!" என்று அதட்டுவாய்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கண்ணைக் கட்டிவிட்டு, தொடாமல், மணத்தை மட்டும் வைத்துப் பழத்தின் பெயரைச் சொல்வது. தோடம்பழத்தை வெட்டுமுன் உள்ளே எத்தனை விதை என்று சொல்வது, கிட்டத்தில் வந்தவருக்கு முதல் சுளை. தோலை அறாமல் ஒரே நாடாவாக உரித்துத் தரையில் போட்டு, அது என்ன எழுத்து மாதிரி விழுகிறது என்று பார்த்து, அந்த எழுத்தில் ஒரு சொல் சொல்வது. உனக்கு 'ட' வேண்டும். பட்டம் வரையத் தொடங்கியிருந்ததால் 'ட' மேல் உனக்கு ஒரு பைத்தியம். தோல் எப்போதும் சுருண்டுதான் விழும். 'உ' வரும், 'ஒ' வரும், ஒருநாளும் 'ட' வராது என்று நீ அழுதபோது உங்கப்பா தோலை இரண்டாக முறித்து மூலை மடித்து வைத்து, "இந்தா ஒன் ட" என்றார். அது கள்ள விளையாட்டு என்று நாம் இரண்டு பேரும் அவரை ஆட்டத்தை விட்டே தள்ளிவைத்தோம்.

ஆங்கிலத்தில் பேஷன் புரூட் என்கிற கொடித்தோடம்பழத்துக்கு நீ பெயர் வைத்ததும் அப்போதுதான். பழுத்ததைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினாய். உள்ளே சாறு அசைகிற சத்தம் கேட்டது. "அம்மா, இது குளுக்கான்" என்றாய். அதற்குப் பிறகு நம் வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை. உங்கப்பா கடையில் வாய்தவறி, "குளுக்கான் ரெண்டு பெட்டி" என்று சொல்லிவிட்டு, லொறிக்காரனிடம் பேச்சு வாங்கினார். இந்த உலகத்தில் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் அன்றைக்கு மூன்றே பேர். இதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

இந்த விளையாட்டுகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். எழுதினால் எனக்குப் பயம் குறையும், அதனால் எல்லாவற்றையும் எழுதுகிற பழக்கம் எனக்கு. எப்படி ஆடுவது, எத்தனை வயதுக்கு, பழம் இல்லாத வீட்டில் விதையை வைத்து எப்படி என்று எண்பது பக்கம் நிரம்பிவிட்டது. நீ சொன்னதை நீ சொன்னபடியே எழுதினேன்.

பெரிய டீச்சர் அப்போது நம்மூர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவரைப் பற்றி நல்லதைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதிக் கதை சொல்கிறவள் ஆவேன். பரீட்சைக்கு வேண்டிய புத்தகங்களை எல்லாம் தந்தவர் அவர். என் ஆங்கில உச்சரிப்பை யாரும் இல்லாத வகுப்பறையில் உட்காரவைத்துத் திருத்தினார். பரீட்சைக்குக் கொழும்பு போக எனக்குத் துணையில்லை என்றபோது, "இஞ்ச பாரும் தங்கச்சி, நான் வாறன், நீர் ஏன் பயப்பிடுறீர்" என்று ரயிலில் கூட வந்து, நான் எழுதி முடித்து வெளியே வரும்வரை சுடுதண்ணிப் போத்தலோடு மரத்தடியில் நின்றார். நான் பாஸானதும் தன் பள்ளிக்கூடத்திலேயே தற்காலிக ஆசிரியை ஆக்கினார். லயத்தில் பிறந்த ஒருத்தியை 'டீச்சர்' என்று முதலில் கூப்பிட்டது அவர் வாய்தான். அவருக்காக நான் எதுவும் செய்திருப்பேன். கொப்பியைப் பார்த்துவிட்டு, "இது முழுக்க உம்மட தலைக்குள்ள இருந்து வந்ததோ? நான் ஒருக்கா வாசிச்சுப்போட்டுத் தாறன்" என்று கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கேட்டேன். "எங்கயோ மாறிப் போச்சுது தங்கச்சி, தேடுறன்" என்றார். அடுத்த தவணையிலும் தேடிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. புத்தகம் கொடுத்தவரிடம் ஒரு கொப்பியைத் திருப்பிக் கேட்பதா என்று விட்டுவிட்டேன். நீ மூன்றாம் வகுப்பு முடித்த சமயம் அந்தப் புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர். எனக்கென்று ஒன்றை எடுத்து, 'அன்புத் தங்கைக்கு' என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார். வீட்டில் வந்து பிரித்தால் மூன்று படி பஸ், கண்கட்டு, விதை, தோல் எழுத்து எல்லாம் அப்படியே இருந்தன. முன்னுரைக் கடைசியில், 'தகவல் தந்துதவிய மலைநாட்டுத் தாய்மார் சிலருக்கும் நன்றி' என்று ஒரு வரி. நான் 'தாய்மார் சிலர்' ஆகியிருந்தேன்.

ஒரு பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் குறிப்பு ஒன்று இருந்தது. 'குளுக்கான்: கொடித்தோடம்பழத்தைத் தோட்டத்து மக்கள் இவ்வாறு வழங்குவர்.' மகனே, அதைப் படித்துவிட்டு நான் முதலில் சிரித்தேன், பிறகுதான் அழுதேன். நம்மோடு அத்தனை வருடம் பழகியும், அது ஒரு குழந்தை வைத்த பெயராக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோட்டத்து ஆட்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்திருக்கிறார். ஒருவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்கப்பா எழுந்து சட்டையை மாட்டினார். "நான் போயி ரெண்டு வார்த்த கேட்டுட்டு வாரேன். நம்ம புள்ள பேச்சக்கூட விட்டு வைக்கலியே இந்தம்மா!" வாசலை மறித்து, "வேணாங்க, என் வேலைங்க" என்று கெஞ்சி நிறுத்தினேன். என் வேலை நிரந்தரமாக அவர் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. நம் பிரஜாவுரிமை மனுவிலும், இந்தக் குடும்பத்தை நெடுநாளாகத் தெரியும் என்று அவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார். நாடில்லாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நம் ஆட்களுக்கு அந்த ஒரு தாள் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நான் என்ன நினைத்துப் பயந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

உன்னிடம் அந்தப் புத்தகத்தை நான் காட்டவில்லை. மறைத்தால் போதும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். நாலாம் வகுப்பில் உங்கள் வகுப்பாசிரியர் சேர் அதைக் கொண்டுவந்து வாசித்தார். நடந்ததை அன்று சாயங்காலமே உன் கூட்டாளி ஒருத்தன் ஓடிவந்து எனக்கு நடித்துக் காட்டினான். சேர் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டு, "தோட்டத்துப் பிள்ளைகள் கை தூக்குங்க, ஒங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் முழித்திருக்கின்றன. "சொந்தப் பேச்சே தெரியலியே ஒங்களுக்கு" என்று அவர் கேலி செய்ய, நீ எழுந்து நின்றாய். "சேர், அது தோட்டத்துப் பேரு இல்ல சேர். நான் வச்ச பேரு."

"ஓகோ, தொரை எப்ப வச்சாரு?"

"சின்னதா இருக்கப்ப சேர். இந்த வெளையாட்டெல்லாம் எங்கம்மா எழுதுனது."

வகுப்பே சிரித்ததாம். நீ விடவில்லை. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறாய். அப்போதாவது அந்த மனிதர் யோசித்திருக்கலாம். உன்னை உட்காருகிற வாங்கின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, தலைமை ஆசிரியைக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை என்னையும் கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர் மேசைக்குப் பின்னால். உன் சேர் ஜன்னலோரம். இன்னொரு டீச்சரும் இருந்தார். நீ கதவுப் பக்கத்தில், தலையில் எண்ணெய் வழிய, என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நின்றாய். அம்மா வந்துவிட்டாள், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாய். அந்த முகத்தை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

"சொல்லும் தங்கச்சி," என்றார் பெரிய டீச்சர். குரலில் கோபமே இல்லை. "பிள்ளை என்னவோ சொல்லுதாம். உண்மையோ?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பொய் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் கேட்டார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய துரோகம். கொப்பியை எடுத்தது கூட அதற்கு அடுத்தபடிதான். என் கூச்சத்தை என்னை விட நன்றாக அறிந்து, பரிவாகத் தட்டிக்கொடுத்து வளர்த்தவர், அன்றைக்கு அதன் மேலேயே காலை வைத்து ஏறி நின்றார்.

"தெரியாம சொல்லிட்டான் டீச்சர். மன்னிச்சுக்குங்க" என்றேன் நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். உன்னைப் பார்த்து, "மன்னிப்புக் கேளு" என்றும் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஏதாவது ஜாடை காட்டுவேன் என்று தேடினாய் போலிருக்கிறது. பிறகு தரையைப் பார்த்து, "நான் பொய் சொன்னேன் டீச்சர்" என்றாய். அந்தச் சொல்லை உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் தப்பு என்ன என்று நீயே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, கண்டுபிடித்தாய்.

வீட்டுக்கு வந்து உனக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொன்னால் மறுபடி பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவாயோ என்று பயம். வேலை நிரந்தரமாகட்டும் என்றேன். ஆனது. பிரஜாவுரிமை வரட்டும் என்றேன். அதுவும் வந்தது. அதற்குள் நீ அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாய். பழக்கூடையைத் தொடுவதையும் விட்டுவிட்டாய். மறந்துவிட்டான், நல்லதாகப் போயிற்று என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது, நீ மறக்கவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டாய். உன் சொந்த ஞாபகத்தை விட அம்மாவின் வார்த்தை பெரிது என்று எடுத்துக்கொண்டாய்.

உனக்குச் சொல்ல எனக்குப் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. ஒருவர் உனக்குச் செய்த உதவியை மறக்காதே. ஆனால் அந்த உதவிக்கு உன் வாயை ஈடாக வைக்காதே. நான் அதைத்தான் நன்றி என்று நினைத்து இத்தனை வருடம் வாழ்ந்தேன். இன்னொன்று, நாளைக்கு உன் வகுப்பில் ஒரு பிள்ளை நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், வாங்கில் ஏற்றுவதற்கு முன்னால் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்.

படம் வரைவது உன் இஷ்டம். வரைந்தால் நான் கோபிக்க மாட்டேன். உன் கை நல்ல கை, அது வரைந்த பழத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். வரைய மாட்டேன் என்றாலும், காரணத்தை அவரிடம் நேராகச் சொல்லிவிட்டு வா. என்னை மாதிரி, நேரமில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று மழுப்பாதே.

நேற்று உங்கப்பாவிடம் அந்த வரிகளையும் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "எழுது. ஆனா புள்ளைக்கு மட்டும் எழுதுனா பத்தாது" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது. உன்னை நான் தனியாகக் கூப்பிட்டுப் பொய்யன் ஆக்கவில்லை, நாலு பேர் முன்னால் வைத்து ஆக்கினேன். வகுப்பு முழுக்க உன்னைப் பார்த்துச் சிரித்தது, போன வாரம் ஒரு சாப்பாட்டு மேசையே சிரித்தது. உன் காதில் மட்டும் ரகசியமாக உண்மையைச் சொன்னால் அது இன்னொரு ஒளிப்பு. அதனால் இந்தக் கடிதத்தில் ஒரு பிரதி உனக்கு, ஒன்றை வாரப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவர் பெயரை எழுதவில்லை, உன் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் உன்னோடு படித்தவர்கள் இப்போது வளர்ந்த ஆட்கள், கடைகளிலும், தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலும் பத்திரிகை படிக்கிறவர்கள். ஒரு பழத்தின் பெயரைப் பார்த்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிடும், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று. அவருக்கும் தெரியும். வேலைக்கு என்ன ஆகும், அவர் என்ன சொல்வார் என்று நான் இனிமேல் யோசித்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். நாலு பேர் பெரியவர்கள், அதில் ஒருத்தி பட்டதாரி. அதுவரை உண்மையைச் சொல்லியிருந்தது நீ ஒருவன்தான். பொய் சொன்னது நான்.

அம்மா